அல்லியின் வாளும் நானிங்கின் வயலும்

எங்கள் லயத்தில் எந்த வீட்டிலாவது பெண்குரல் ஓங்கினால் ஒரே பேச்சுத்தான்: “அங்க அல்லி ராஜ்ஜியம் நடக்குது.” ஆண்கள் சொன்னால் அதில் ஏளனம் இருக்கும். என் பாட்டி சொல்லும்போது ஓர் ஏக்கம் தொனிக்கும். அலோர்காஜாப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் நாற்பது ஆண்டு பால் வெட்டியவர் அவர். விடியுமுன் நெற்றி விளக்கைக் கட்டிக்கொண்டு நிரைக்குப் போவார். ஒட்டுப்பால் நாற்றத்தோடு வீடு திரும்பி, சமையல் முடித்து, இரவில் அஞ்சடியில் காலை நீட்டி உட்கார்ந்தால் பேரப்பிள்ளைகளுக்கு அல்லி கதை.

பிள்ளையில்லாத பாண்டியனுக்கு அல்லி மலரில் கிடைத்த குழந்தை. நாட்டைப் பறித்துக்கொண்ட நீன்முகனை வென்று மதுரையை மீட்டவள். அவள் கோட்டையில் மந்திரி பெண், தளபதி பெண், வாயில் காப்பவளும் பெண். ஆண்வாடையே ஆகாது. அப்படிப்பட்டவள்மீது அருச்சுனன் மோகம் கொள்கிறான். நேராகக் கேட்டுப் பயனில்லை என்று தெரிந்ததும் கண்ணன் துணையோடு பாம்பாக உருமாறிப் பள்ளியறைக்குள் நுழைகிறான். உறங்குகிறவள் கழுத்தில் தாலியைக் கட்டிவிட்டுப் போகிறான்.

பாட்டி எப்போதும் அந்த இடத்தில் நிறுத்திவிடுவார். “கண்ணு முழிச்சுப் பாக்கறா, கழுத்துல கயிறு.” அவ்வளவுதான். வெற்றிலையைத் துப்பிவிட்டுப் பாயை உதறுவார். “அப்புறம் என்னாச்சு பாட்டி?” என்று நச்சரித்தால், “அப்புறம் என்ன, எல்லாப் பொம்பளைக்கும் ஆனதுதான்” என்பார்.

அல்லி அரசாணி மாலை, பவளக்கொடி மாலை, ஏணியேற்றம் என்று புகழேந்திப் புலவர் பெயரில் வழங்கும் இந்தப் பாடல்களைப் பிற்காலத்தில் தேடிப் படித்தபோது, பாட்டி நிறுத்திய இடத்துக்குப் பிறகும் கதை நீளுவதைக் கண்டேன். அல்லி சினங்கொண்டு படையெடுக்கிறாள், தோற்கிறாள், மனைவியாகிறாள், புலந்திரனைப் பெறுகிறாள். அந்த மகன் விளையாடப் பவளத்தேர் கேட்க, அதைத் தேடிப்போன அருச்சுனன் இன்னோர் அரசியான பவளக்கொடியிடம் மயங்குகிறான். 1934இல் தியாகராஜ பாகவதரைத் திரைக்குக் கொண்டுவந்த ‘பவளக்கொடி’ இந்தக் கதைதான். பெண்ணரசு என்ற கற்பனை தமிழில் எவ்வளவு செல்வாக்கோடு இருந்தது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். அந்தக் கற்பனை எங்கே போய் முட்டி நின்றது என்பதற்கும் இதுவே சான்று.

மற்ற கதைகளையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். திருவிளையாடற் புராணத்துத் தடாதகை மூன்று முலைகளோடு பிறந்து, முடிசூடி, திசைகளை வென்று கயிலைவரை போகிறாள். அங்கே சிவனைக் கண்டதும் ஒரு முலை மறைகிறது, நாணம் பிறக்கிறது, கல்யாணம் நடக்கிறது. அசுவமேதக் குதிரையோடு போன அருச்சுனனை மறித்த பிரமீளையின் பெண்நாடும் கல்யாணத்தில்தான் முடிகிறது. ஈழத்துக் கிழக்கில் வழங்கும் ஆடகசவுந்தரி கதை திருகோணமலைக் கோயிலைத் திருப்பணி செய்த குளக்கோட்டனை எதிர்க்கப் புறப்பட்டு அவனை மணப்பதில் அடங்குகிறது. தெற்கே ஹெராக்ளிஸின் மகள் பண்டையா ஆண்ட நாடு ஒன்று உண்டு என்று மெகஸ்தனிஸ் கேட்டு எழுதியது கிறிஸ்துவுக்கு முன். அதாவது இந்தக் கற்பனை மிகப் பழையது. அரசி, வாள், பெண்படை, ஆணில்லாக் கோட்டை, பிறகு ஓர் ஆண், பிறகு தாலி. பாட்டி கதையை நிறுத்திய இடம் தற்செயலானது அல்ல என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது.

மலாக்காவில் இந்த வார்ப்புக்குள் அடங்காத ஒரு கதை இருக்கிறது. ஆசஹான் தோட்டத்துப் பிள்ளைகள் காலையில் கண்விழித்தால் முதலில் தெரிவது குனோங் லேடாங். 1,276 மீட்டர் உயர மலை. உச்சி ஜொகூருக்குச் சொந்தம், மேற்கு அடிவாரத்தில் மலாக்கா. அங்கே வாழும் இளவரசியை மணக்க ஆசைப்பட்டு சுல்தான் மஹ்மூத் ஷா ஆளனுப்பிய கதையை மலாய் வரலாற்று இலக்கியமான ‘சுலாலாத்துஸ் சலாத்தின்’ சொல்கிறது. துன் மாமாட் மட்டும் உச்சியின் பூந்தோட்டம்வரை போய்ச் சேர்கிறான். அங்கே அவன் காண்பது பெண்களை. அவர்களின் தலைவி பெயர் தாங் ராயா ராணி. நம் ‘ராணி’ அந்த மலைக்கும் ஏறியிருக்கிறாள்! அவள் வழியே செய்தி இளவரசிக்குப் போக, ஒரு முதியவள் வந்து நிபந்தனைகளைச் சொல்கிறாள்: மலாக்காவிலிருந்து மலைவரை பொன்னில் ஒரு பாலம், வெள்ளியில் ஒரு பாலம். ஏழு தாம்பாளம் கொசுவின் ஈரல், ஏழு தாம்பாளம் சிற்றுண்ணியின் ஈரல். ஒரு தாழி இளம்பாக்கு நீர், ஒரு தாழி கண்ணீர். சுல்தானின் இரத்தம் ஒரு கிண்ணம், அவன் மகனின் இரத்தம் ஒரு கிண்ணம்.

பாலம் கட்டிவிடலாம், கொசுவைப் பிடித்துவிடலாம் என்கிறான் சுல்தான். இரத்தம் என்னும்போது மனம் ஒப்பவில்லை. கதை அங்கே முடிந்துபோகிறது, மலையும் இளவரசியும் அப்படியே இருக்கிறார்கள். அவள் வாளெடுக்கவில்லை. ‘உனக்கு இதில் என்ன செலவு?’ என்று கேட்டாள், அவ்வளவே. நான் அறிந்த பழைய பெண்ணரசுக் கதைகளில் தாலியில் முடியாதது இது ஒன்றுதான்.

நவீன எழுத்துக்கு வந்தால் முதலில் சொல்ல வேண்டியது ரொக்கேயா எழுதிய ‘சுல்தானாவின் கனவு’. வங்காளப் பெண் ஆங்கிலத்தில் எழுதி, 1905இல் சென்னையிலிருந்து கமலா சத்தியநாதன் நடத்திய ‘இந்தியன் லேடீஸ் மேகசீன்’ இதழில் வெளியான கதை. அந்தப் பெண்நாட்டில் ஆண்கள் அந்தப்புரத்தில் இருந்து குழந்தை வளர்க்கிறார்கள், சமைக்கிறார்கள். பெண்களின் பல்கலைக்கழகம் வெயிலைச் சேமித்து அடுப்பெரிக்கிறது, அதே வெயிலைக் குவித்து எதிரிப் படையைத் துரத்துகிறது. அமெரிக்காவில் ஷார்லட் பெர்கின்ஸ் கில்மன் ‘ஹெர்லேண்ட்’ என்ற பெண்நாட்டு நாவலை எழுதுவதற்குப் பத்து ஆண்டு முன்பே சென்னை வாசகிகள் இதைப் படித்துவிட்டார்கள்.

தமிழ் வாசகர்களுக்கு இன்னும் நெருக்கமானது ராகுல் சாங்கிருத்யாயனின் ‘வால்காவிலிருந்து கங்கை வரை’. மொழிபெயர்த்த கண. முத்தையா இந்திய தேசிய இராணுவத்தில் இருந்தவர். பர்மாச் சிறையில் செய்த வேலை அது. எங்கள் தோட்டத்துப் படிப்பகத்தில் அட்டை கிழிந்து கிடந்த புத்தகங்களில் அதுவும் ஒன்று. முதல் கதையில் நிஷா என்ற தாய் தன் குடியை வேட்டைக்கு நடத்திச் செல்கிறாள். தாயே தலைவி, தாய் பெயரே குடிப்பெயர். தலைமைப் பொறாமை அங்கே தாயையும் மகளையும் மோதவிடுகிறது. இதற்குப் பின்னால் இருப்பது 1861இல் சுவிட்சர்லாந்துச் சட்ட அறிஞர் பாக்கோஃபன் எழுதிய ‘தாயுரிமை’யும் அதை வளர்த்தெடுத்த ஏங்கல்ஸும். ஆதியில் எங்கும் பெண்ணே ஆண்டாள், பிறகு வீழ்ந்தாள் என்ற அந்தச் சித்திரத்தை மானிடவியலாளர்கள் இன்று ஏற்பதில்லை. ஆண் ஆண்டதுபோலவே பெண் ஆண்ட சமூகம் ஒன்றை அவர்கள் கண்டதில்லை. தாய்வழிச் சமூகங்களைக் கண்டிருக்கிறார்கள். எங்கள் அலோர்காஜா வட்டாரத்து நானிங் அவற்றில் ஒன்று. நாங்கள் பால் வெட்டிய மரங்களுக்கு அப்பால், ஒரு சிற்றோடையைத் தாண்டினால் அந்தக் கம்பம்.

பல நூற்றாண்டுகளுக்கு முன் சுமத்ராவின் மினாங்கபாவ் நாட்டிலிருந்து வந்தவர்கள் நெகிரி செம்பிலானிலும் மலாக்காவின் நானிங்கிலும் குடியேறினார்கள். அவர்கள் கொண்டுவந்த வழக்கம் ‘அடாட் பெர்பாதே’. மலாக்காவின் மற்றப் பகுதிகளில் உள்ளது ‘அடாட் தெமெங்கோங்’. ஒரே தாயின் வயிற்றில் வெவ்வேறு தந்தையருக்குப் பிறந்த இரு சகோதரர் இந்த இரு வழக்கங்களையும் வகுத்ததாக ஐதீகம். பெர்பாதே வழக்கத்தில் பிள்ளைகள் தாயின் ‘சூக்கு’வைச் சேர்ந்தவர்கள். சூக்கு என்பதைக் குடி என்று சொல்லலாம். ஒரே சூக்குவுக்குள் பெண் கொடுத்து எடுப்பதில்லை. மணமானவன் மனைவியின் ஊருக்குப் போகிறான். அங்கே அவன் ‘ஓராங் செமெண்டா’, சம்பந்தம் செய்துகொண்டு வந்தவன். வெளியிலிருந்து வரும் ஒருவரைக் குடிக்குள் தத்தெடுக்க ‘கடிம்’ என்ற சடங்கே இருக்கிறது.

சொத்துப் பிரிப்பில்தான் இந்த வழக்கத்தின் நுட்பம் முழுதும் தெரியும். தாய்வழி வரும் வீடும் வயலும் ‘ஹர்த்தா புசாக்கா’, அது மகள்களுக்குப் போகும். விற்றுத் தின்ன எவருக்கும் உரிமையில்லை, குடியின் சார்பில் பெண்கள் வைத்திருக்கிறார்கள். கணவன் வரும்போது கொண்டுவந்தது ‘பெம்பாவா’, அவன் போனாலோ இறந்தாலோ அது அவன் குடிக்குத் திரும்பும். மனைவி கல்யாணத்துக்கு முன்பே வைத்திருந்தது ‘டாப்பாத்தான்’, அதில் கணவன் கைவைக்க முடியாது. இருவரும் சேர்ந்து தேடியது ‘சாரியான்’, பிரிந்தால் பங்கு. நெகிரி செம்பிலானில் இது 1909ஆம் ஆண்டுச் சட்டத்தால் நிலப்பதிவேட்டிலேயே ஏறிவிட்டது. 1951இல் ரெம்பாவில் இந்த வழக்கத்தை மாற்ற முயன்றபோது பெண்கள் திரண்டு எதிர்த்தார்கள். மாற்றம் நடக்கவில்லை.

பதவிகள் ஆண்களுக்கு உரியவை என்பதையும் சொல்லியாக வேண்டும். குடிக்கிளைத் தலைவரான புவாப்பாக், குடித்தலைவரான லெம்பாகா, நாட்டுத் தலைவரான பெங்குலு எல்லாரும் ஆண்களே. ஆனால் பதவி தந்தையிடமிருந்து மகனுக்கு வராது, தாய்வழியில்தான் வரும். ஆகவே இதைப் பெண்ணாட்சி என்பது மிகை, ஆணாட்சி என்பது பொய். மினாங்கபாவ் மக்களிடையே நெடுங்காலம் ஆய்வு செய்த பெகி ரீவ்ஸ் சாண்டே 2002இல் தன் நூலில் ‘தாயாட்சி’ என்ற சொல்லையே வேண்டுமென்று திரும்ப எடுத்தாள்கிறார்: அதிகாரத்தில் தாய் இல்லாவிட்டாலும் வாழ்வின் நடுவில் தாய் இருக்கிறாள் என்பது அவர் வாதம். எனக்கு அது சரியாகவே படுகிறது.

தாபோ நானிங்கில் ஒரு விருந்துக்கு நண்பனோடு போயிருந்தேன். மலாக்கா வீடுகளுக்கே உரிய, பூப்போட்ட ஓடு பதித்த வளைந்த படிக்கட்டு. வீட்டுக்காரம்மாள் எழுபதைத் தாண்டியவர். அவருடைய அண்ணன், கம்பத்தில் பெரிய மனிதர், வந்து முன்திண்ணையில் உட்கார்ந்தார், சாப்பிட்டார், புறப்பட்டார். “இங்கேயே தங்கலாமே” என்று நான் மரியாதைக்குச் சொன்னபோது ‘மக்சீக்’ என்று நாங்கள் அழைத்த அந்த அம்மாள் சிரித்தார். “அவருக்கு வீடு அவர் மனைவியிடம். இது அம்மாவின் வீடு, இப்போது என்னுடையது, நாளைக்கு இவளுடையது” என்று கதவோரம் நின்ற மகளைக் காட்டினார். மலாய் வீட்டின் நடுக்கட்டுக்குப் பெயரே ‘ரூமா ஈபு’. தாய் வீடு! தமிழ்ப் பெண்ணுக்குத் தாய்வீடு என்பது விட்டுவந்த இடம். தீபாவளிக்குப் போகும் இடம், அடி தாங்காமல் ஓடும் இடம், இரண்டு நாள் கழித்துத் திருப்பி அனுப்பப்படும் இடம். அந்த மக்சீக்குக்கு அது அவர் நிற்கும் தரை. அன்றைக்குப் பாட்டியை நினைத்துக்கொண்டேன்.

இந்த நிலத்தோடு நமக்கு இன்னொரு பழைய உறவு உண்டு, பெருமைப்பட முடியாத உறவு. டச்சுக்காரர் காலத்தில் நானிங் ஆண்டுக்கு 400 கந்தாங் நெல்லை அடையாளக் கப்பமாகக் கொடுத்து வந்தது. மலாக்கா ஆங்கிலேயர் கைக்கு வந்தபின் விளைச்சலில் பத்தில் ஒரு பங்கு கேட்டார்கள். நிலமெல்லாம் கிழக்கிந்தியக் கம்பெனிக்குச் சொந்தம் என்பது அவர்கள் கணக்கு. பெங்குலு டோல் சைட் மறுத்தார். 1831இல் அவரை அடக்கப் போன படை மெட்ராஸ் காலாட்படைச் சிப்பாய்கள், தமிழரும் தெலுங்கரும். காட்டுக்குள் மரங்களை வெட்டிச் சாய்த்து வழிமறித்தார்கள் நானிங் மக்கள். படை திரும்பியது. 1832 ஜூனில் பெரும்படையோடு போய்த்தான் தாபோவைப் பிடிக்க முடிந்தது. டோல் சைட் 1834இல் சரணடைந்து, மலாக்காவில் ஓய்வூதியத்தில் வாழ்ந்து, 1849இல் மறைந்தார். அந்தப் போரில் இருந்த மெட்ராஸ் பீரங்கிப்படை அதிகாரி பெக்பி எழுதிய நூல் 1834இல் சென்னை வேப்பேரியில் அச்சானது. ரப்பருக்கு வெகுமுன்பே, தாய்வழி நிலத்துக்குத் தமிழன் துப்பாக்கியோடு போயிருக்கிறான்.

தாய்வழி என்றாலே பெண்ணுக்கு நன்மை என்று நினைத்துவிடக் கூடாது. அதற்கு நம்மிடமே சாட்சி இருக்கிறது. நாஞ்சில் நாட்டு வேளாளரிடையே இருந்த மருமக்கள்வழியில் சொத்து மாமனிடமிருந்து சகோதரி மகனுக்குப் போனது. காரணவன் என்னும் அந்தக் குடும்பத் தலைவன் கண்ணை மூடினால் மனைவியும் மக்களும் நடுத்தெருவில். கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை ‘மருமக்கள்வழி மான்மியம்’ பாடியது அப்படிப்பட்ட ஒரு காரணவனின் ஐந்தாம் மனைவியின் குரலில். 1926இல் திருவிதாங்கூர்ச் சட்டம் அந்த முறையை மாற்றியது. மட்டக்களப்பில் வேறு விதம். அங்கே குடி தாய்வழி வருகிறது, வீடும் வயலும் சீதனமாக மகளுக்குப் போகின்றன, மருமகன் வந்து குடியேறுகிறான். கோயிலை நிர்வகிக்கும் வண்ணக்கர் உரிமையும் குடிவழியே. இரண்டுமே தாய்வழிதான். நாஞ்சில் நாட்டில் தாய் ஒரு வழி மட்டும், நிர்வாகம் மாமனுடையது. மட்டக்களப்பிலும் நானிங்கிலும் வீட்டுச் சாவி அவள் மடியில்.

மலாக்கா நகரத்து காஜா பெராங்கில் வாழும் செட்டிகளையும் இங்கே சேர்க்க வேண்டும். சுல்தான்கள் காலத்தில் வந்த தமிழ் வணிகர்கள் உள்ளூர்ப் பெண்களை மணந்ததால் உருவான சமூகம். 1781இல் எழுந்த ஸ்ரீ பொய்யாத மூர்த்தி விநாயகர் ஆலயம் அவர்களுடையது. தந்தை வழியில் திருநீறும் பெயரும் வந்தன. வீட்டில் பேசும் மலாய், உடுத்தும் கெபாயா, அடுப்படியின் சம்பால், மூதாதையருக்குப் படைக்கும் ‘பார்ச்சு’வின் பதார்த்தங்கள் எல்லாம் தாய் கொடுத்தவை. சட்டப்படி தந்தைவழிச் சமூகம், நாக்கில் தாய்வழி.

இனி எங்கள் தோட்டத்துப் பெண்கள். மலாக்காவில்தான் 1896இல் டான் சாய் யான் புக்கிட் லிந்தாங்கில் முதல் ரப்பர்த் தோட்டத்தைப் போட்டார். 1920களின் பிற்பகுதியில் மலாயாவின் முக்கிய வட்டாரங்களில் நிர்ணயித்த நாட்கூலி ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. ஒரே விடியல், ஒரே பெரட்டு, பத்துக் காசு குறைவு. தோட்டத்து முகப்பில் அரசியாக வீற்றிருந்தவள் மாரியம்மன். அவள் முன் காவடி எடுத்தவர்கள் வீட்டில் மனைவியின் சம்பளத்தைக் கள்ளுக்கடைக்குக் கொண்டுபோனார்கள். 1943 அக்டோபரில் சிங்கப்பூரில் இந்திய தேசிய இராணுவத்தின் ஜான்சி ராணிப் படை முகாம் திறந்தபோது தோட்டங்களிலிருந்தும் பெண்கள் ஓடிப்போய்ச் சேர்ந்தார்கள். அல்லியின் பெண்படை ஒருமுறை மெய்யாகவே அணிவகுத்தது. போர் முடிந்தது, திரும்பிவந்து மீண்டும் வாளியைத் தூக்கினார்கள். வாள் இருந்தது, நிலம் இல்லை.

லயம் ஒருநாளும் அவர்களுடையது அல்ல. கணவனுடையதும் அல்ல, நிர்வாகத்தினுடையது. மரம் வெட்டிச் செம்பனை போட்டபோதும், செம்பனையை அழித்துத் தாமான் கட்டியபோதும் வீட்டைக் காலி செய்யச் சொன்னார்கள். நாற்பது ஆண்டு வாழ்ந்த இடத்திலிருந்து பாட்டி கொண்டுவந்தது ஓர் அம்மி, ஒரு ட்ரங்குப் பெட்டி. ஓடைக்கு அப்பால் அவர் வயதுப் பெண்கள் தங்கள் தாயின் வயலில் நின்றுகொண்டிருந்தார்கள்.

மலேசியத் தமிழ் நாவல்கள் தோட்டத்தை நிறையவே எழுதியிருக்கின்றன. அகிலனின் ‘பால்மரக் காட்டினிலே’ வெளியிலிருந்து வந்த கண். சீ. முத்துசாமியின் ‘மண்புழுக்கள்’ உள்ளிருந்து எழுதிய கண். அவற்றில் தோட்டத்துப் பெண் உழைக்கிறாள், அழுகிறாள், தாங்குகிறாள். பக்கத்துக் கம்பத்தில் இன்னொரு விதமாக வாழும் பெண்ணை அவள் எட்டிப் பார்க்கும் காட்சி ஒன்று நாவலாக விரிந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும். இன்று தமிழில் கற்பனை உலகங்களைப் படைக்க விரும்பும் இளைஞர்கள் பெண்ணரசி என்றதும் குதிரையும் கவசமும் தருகிறார்கள். அது அல்லியின் பழைய கோட்டைதான், பாம்பு நுழைய வழி இருக்கும் கோட்டை. உங்கள் பெண்நாட்டில் வயல் யார் பெயரில், மருமகன் எந்த வாசல் வழியே வருகிறான், பிரியும்போது யார் எழுந்து போகிறார்கள் என்பதை முதலில் எழுதுங்கள். நானிங் அதற்கு ஒரு முழுப் பாடத்தையே வைத்திருக்கிறது, அலோர்காஜாவிலிருந்து பேருந்து தூரத்தில்.

மலாக்கா மாநிலத்தில் 21 தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. அவற்றின் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். பிள்ளைகளிடம் சொல்லி, வீட்டில் இருக்கும் பாட்டிகளிடம் இரண்டு கேள்வி கேட்டு வரச் சொல்லுங்கள். அல்லி கதையை அவர்கள் எந்த இடத்தில் நிறுத்துகிறார்கள்? பிறந்ததிலிருந்து இன்றுவரை குடியிருந்த வீடுகள் எத்தனை, அவற்றில் ஒன்றாவது அவர்கள் பெயரில் இருந்ததா? பதிலைத் தேதி போட்டு, ஊர் பெயரோடு எழுதி வையுங்கள். என் பாட்டியிடம் இரண்டாவது கேள்வியை நான் கேட்கவே இல்லை.